பெயர், ஊர், ஆண்டு

(ஸனெலே முஹோலி பற்றிய ஆவணப்படத் திரையிடலுக்குப் பின் பேசியதன் எழுத்து வடிவம்)

படம் முடிந்து விளக்கைப் போட்ட உடனே மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார்கள். கொஞ்ச நேரம் யாரும் எதுவும் பேசாமல் உட்கார்ந்திருந்தால் நன்றாக இருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆறு மணிக்கு ஹாலைக் காலி செய்ய வேண்டுமாம். அதனால் தொடங்கிவிடுகிறேன்.

நாம் பார்த்தது 'டிஃபிகல்ட் லவ்'. 2010இல் வந்த படம், ஒரு மணி நேரம்கூட ஓடாது. தென்னாப்பிரிக்காவின் பொது ஒளிபரப்பு நிறுவனத்துக்காக எடுக்கப்பட்டது. நம் ஊர் கணக்கில் தூர்தர்ஷன் காசு கொடுத்து இப்படி ஒரு படம் எடுக்கச் சொன்ன மாதிரி. அந்த ஒரு விஷயத்துக்கே கொஞ்சம் பெருமூச்சு விடலாம். இயக்கியவர்கள் இருவர். ஒருவர் பீட்டர் கோல்ட்ஸ்மிட், இன்னொருவர் முஹோலியே. தன்னைப் பற்றிய படத்தில் தானும் இயக்குநர். இது தற்பெருமை அல்லவா என்று இடைவேளையில் ஒரு தோழர் கேட்டார். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் ஒரு சின்ன விஷயம். படத்தில் முஹோலியை எல்லோரும் 'ஷி' என்கிறார்கள். அப்போது அவர் தன்னை லெஸ்பியன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பின்னால் தன்னை நான்-பைனரி, ஆண் பெண் என்ற இருமைக்கு வெளியே இருப்பவர் என்று சொல்லத் தொடங்கினார். ஆங்கிலத்தில் 'தே' என்று எழுதச் சொன்னார். அங்கே அதற்கு எத்தனை தகராறு, இலக்கணம் கெட்டுவிட்டது என்று எத்தனை புலம்பல்! அவருடைய தாய்மொழியான இசிஸுலுவில் 'அவன்', 'அவள்' என்ற பிரிவினையே கிடையாது. தமிழில் நமக்கும் சிரமமில்லை, 'அவர்' இருக்கிறது. ஆனால் அந்த 'அவர்' யாருக்குக் கிடைத்தது என்று நமக்குத் தெரியும். எழுபது வயதுத் தாத்தாவைப் பத்து வயதுப் பையன் 'வாடா' என்று கூப்பிட்ட தெருக்களிலிருந்துதானே நம்மில் பலர் வந்திருக்கிறோம். நிறவெறி நாட்டில் வீட்டு வேலை செய்த பாட்டிகளைக்கூட 'கேர்ள்' என்றார்கள். பேரன் பேத்தி எடுத்த தோட்டக்காரர் 'பாய்'தான். எனவே முஹோலியை நான் 'அவர்' என்று சொல்லும்போது அதில் பாலினமும் இருக்கிறது, பாலினத்தைத் தாண்டிய ஒரு பழைய கணக்கும் இருக்கிறது.

முஹோலி 1972இல் டர்பனை அடுத்த உம்லாஸியில் பிறந்தார். டர்பன் என்றால் நமக்கு வேறு நினைவு வரும். 1860இல் மதராஸிலிருந்து கிளம்பிய 'ட்ரூரோ' என்ற கப்பல் ஒப்பந்தக் கூலிகளை இறக்கிய துறைமுகம் அது. கரும்புத் தோட்டத்துக்குப் போன நம் ஆட்களின் பேரப்பிள்ளைகளை நிறவெறி அரசு பின்னாளில் சாட்ஸ்வொர்த் என்ற குடியிருப்புக்கு விரட்டியது. வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் வெள்ளையர் பகுதி, மறுபக்கம் கறுப்பர்களின் உம்லாஸி. இரண்டுக்கும் இடையில் தடுப்புச்சுவர் மாதிரி இந்தியர்களின் சாட்ஸ்வொர்த். மேலே ஒருவர், கீழே ஒருவர், நடுவில் இருப்பவருக்குத் தன் கீழே ஒருவர் இருக்கிறார் என்ற ஆறுதல். படிநிலைப்படுத்தப்பட்ட சமத்துவமின்மை என்று அம்பேத்கர் சொன்னதை அங்கே ஊர் அமைப்பாகவே கட்டி வைத்திருந்தார்கள். முஹோலியின் குழந்தைப் பருவம் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம். நம்மவர்கள் சுவராகவே நின்றார்கள். அவரைப் பற்றித் தமிழில் பேசும்போது இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையில்லை என்று நினைக்கிறேன்.

அப்பா சீக்கிரமே இறந்துவிட்டார். அம்மா பெஸ்டர். ஒரே வெள்ளைக் குடும்பத்தின் வீட்டில் 42 ஆண்டுகள் வேலை செய்தவர். 42 ஆண்டுகள்! அந்த வீட்டுக் குழந்தைகள் வளர்ந்து, கல்யாணமாகி, அவர்களுக்குக் குழந்தை பிறக்கும் காலம். அத்தனை காலம் அம்மா யார் வீட்டிலோ இருந்தால் சொந்தப் பிள்ளை எப்படி வளரும்? 2008இல் முஹோலி ஒரு படத்தொடர் செய்தார். அதில் வேலைக்காரப் பெண்ணின் சீருடையைத் தானே போட்டுக்கொண்டு நடித்தார். அடுத்த ஆண்டு அம்மா இறந்துபோனார். பிறகு 2015இல் 'பெஸ்டர்' என்று அம்மாவின் பெயரையே வைத்து ஒரு தன்னுருவப் படம் எடுத்தார். தலையில் கிரீடம், காதில் தொங்கட்டான். பார்த்த உடனே அரசிதான் என்று தோன்றும். கிட்டே போனால் தெரியும், எல்லாம் துணி காயப்போடும் கிளிப்.

இனி கேமராவுக்கு வருகிறேன். நான் ஆய்வு செய்வது சிறுநகரப் போட்டோ ஸ்டுடியோக்களைப் பற்றி. ஆகவே, படம் எடுப்பது என்றாலே விடுதலை என்று யாராவது சொன்னால் எனக்குச் சந்தேகம் வரும். நிறவெறி தென்னாப்பிரிக்காவில் கறுப்பர்களை மிக அதிகமாகப் படமெடுத்தது அரசாங்கம்தான். பாஸ் புத்தகம் ஒன்று இருந்தது. அது இல்லாமல் வெள்ளையர் பகுதியில் நடந்தால் சிறை. ஒவ்வொரு பாஸிலும் ஒரு முகம் இருக்கும். அந்த முகங்களை எடுக்கப் போலராய்டு கேமராவும் பயன்பட்டது. 1970இல் அமெரிக்காவில் அந்தக் கம்பெனியிலேயே வேலை பார்த்த கரோலின் ஹன்டர், கென் வில்லியம்ஸ் என்ற இரண்டு கறுப்பினத் தொழிலாளர்கள் இதைக் கண்டுபிடித்துப் போராட்டம் தொடங்கினார்கள். 1977இல் கம்பெனி தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேறியது. நான் சொல்ல வருவது இதுதான்: பெயர், ஊர், ஆண்டு, முகம் என்ற நான்கும் சேர்ந்த காகிதம் அந்த நாட்டில் ஒரு விலங்கு. அதே நான்கையும் வைத்து முஹோலி வேறொன்றைச் செய்தார்.

ஆனால் அங்கே அவர் நேராகப் போய்ச் சேரவில்லை. 1989இல் புகைப்படக் கலைஞர் டேவிட் கோல்ட்ப்ளாட் ஜோஹன்னஸ்பர்கில் தொடங்கிய மார்க்கெட் போட்டோ வொர்க்‌ஷாப்பில் முஹோலி படித்தார். வெள்ளையர் அல்லாதவர்களும் நுழையக்கூடிய புகைப்படப் பள்ளி வேண்டும் என்று தொடங்கிய இடம் அது. 2002இல் நண்பர்களோடு சேர்ந்து கறுப்பின லெஸ்பியன் பெண்களுக்காக ஓர் அமைப்பை உருவாக்கினார். வன்புணர்வுக்கு ஆளானவர்களின் வழக்குகளை அவர்களோடு உட்கார்ந்து பதிவு செய்தார். 'உன்னைத் திருத்துகிறேன்' என்று சொல்லிச் செய்யப்படும் வன்புணர்வு அது. 2004இல் அவருடைய முதல் தனிக் கண்காட்சி. அதன் படங்களில் ஒன்று எனக்கு மறக்கவே மறக்காது. இடுப்பிலிருந்து முழங்கால் வரைக்கும் ஓர் உடல். கைகள் முன்னால் கோத்து மறைத்திருக்கின்றன. தொடையில் நீளமாக ஒரு பழைய தழும்பு. முகம் இல்லை.

முகத்தைக் காட்டினால் ஆபத்து, அதனால் முகம் இல்லை. சரியான முடிவுதான். ஆனால் அந்தப் படத்தை மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? அந்த மனிதர் தழும்பாக மட்டும் மிஞ்சுவார். இது நமக்குத் தெரியாத விஷயமா? ஒரு படுகொலை நடந்தால் நம் பக்கத்து ஆட்களின் படம் பத்திரிகையில் எப்படி வருகிறது? எரிந்த கூரை, போர்த்திய உடல், மார்பில் அடித்துக்கொண்டு அழும் தாய். அந்தத் தாய்க்குப் பெயர் போடுவதில்லை, 'உறவினர்' என்று போடுகிறார்கள். அந்தப் படங்கள் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. அவை இல்லாவிட்டால் வழக்கே பதிவாகாத ஊர்கள் உண்டு. ஆனால் அதைத் தவிர வேறு படமே இல்லை என்றால் அது என்ன வரலாறு?

2006இல் முஹோலி முகங்களுக்குத் திரும்பினார். தொடரின் பெயர் 'ஃபேசஸ் அண்ட் ஃபேஸஸ்'. முகங்களும் கட்டங்களும் என்று சொல்லலாம். (தமிழில் எழுதினால் இரண்டு சொல்லும் ஒன்றாகிவிடுகின்றன, மன்னிக்கவும்.) கறுப்பு வெள்ளை. இயல்பான வெளிச்சம். எதிரே நிற்பவர் நேராக நம்மைப் பார்ப்பார். கெஞ்சல் இல்லை, பெரும்பாலும் சிரிப்பும் இல்லை. கீழே அவர் பெயர், எடுத்த ஊர், ஆண்டு. அவ்வளவுதான். அவருக்கு என்ன நடந்தது என்று கீழே எழுதியிருக்காது. படத்தில் இருப்பவர்களை முஹோலி 'சப்ஜெக்ட்' என்று சொல்வதில்லை, பங்கேற்பாளர் என்கிறார். அதே ஆண்களை, அதே பெண்களை, இரண்டும் இல்லாதவர்களைச் சில ஆண்டுகள் கழித்து மறுபடி படமெடுக்கிறார். முதல் படத்தில் பெண்ணாக இருந்த சிலர் பிந்தைய படத்தில் திருநம்பியாக நிற்கிறார்கள். 'கட்டங்கள்' என்பது அதைத்தான். 2014இல் வந்த நூலில் 250க்கும் மேற்பட்ட முகங்கள் உண்டு. தொடர் அதற்குப் பிறகும் நிற்கவில்லை.

அந்த 2006ஆம் ஆண்டைக் கவனியுங்கள். பாலீர்ப்பின் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்று 1996ஆம் ஆண்டு அரசியல் சாசனத்திலேயே எழுதிய நாடு அது. உலகத்தில் வேறெங்கும் அதற்குமுன் அப்படி இல்லை. 2006 நவம்பரில் தன்பால் திருமணச் சட்டமும் வந்துவிட்டது. அதே ஆண்டு பிப்ரவரியில் கேப் டவுனின் கயலிட்ஷாவில் ஸொலிஸ்வா ங்கொன்யானா என்ற 19 வயதுப் பெண்ணை, லெஸ்பியன் என்பதற்காக, ஒரு கும்பல் அடித்துக் கொன்றது. தண்டனை அறிவிக்க ஆறு ஆண்டுகள் ஆயின. 2008இல் தேசியப் பெண்கள் கால்பந்து அணியில் ஆடிய யூடி சிமெலானே கொல்லப்பட்டார். சட்டம் ஒரு பக்கம், தெரு ஒரு பக்கம். 17ஆவது பிரிவை வைத்துக்கொண்டு இரட்டைக் குவளையைப் பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நம் 2019ஆம் ஆண்டுத் திருநர் சட்டத்தில், ஒரு திருநரைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கினால் அதிகபட்ச தண்டனை இரண்டு ஆண்டுகள். பெண்ணை வன்புணர்ந்தால் தண்டனை பத்து ஆண்டில் தொடங்குகிறது. உடலுக்கு உடல் விலை வேறு.

அந்தத் தொடரின் முதல் முகம் பூசி சிகாசா. கவிஞர். வன்புணர்விலிருந்து மீண்டவர், அதில் எச்.ஐ.வி. தொற்றியது. 2006இல் முஹோலி அவரைப் படமெடுத்தார். 2007இல், இருபத்தைந்து வயதில், அவர் இறந்துபோனார்.

இதற்குமேல் நான் எழுதி வைத்திருந்த குறிப்பு வேறு. படம் பார்த்தபிறகு அதைச் சொல்லத் தோன்றவில்லை. வேறொன்று சொல்கிறேன்.

எனக்கு ஒரு நண்பர் இருந்தார். திருநம்பி. எங்கள் பக்கத்து ஊர், எங்கள் தெரு மாதிரியே ஒரு தெரு. சில ஆண்டுகளுக்கு முன் சாலை விபத்தில் போய்விட்டார். தகவல் கேட்டு நான் ஊருக்குப் போய் இறங்கியபோது பேருந்து நிறுத்தத்திலேயே 'கண்ணீர் அஞ்சலி' பேனர் கட்டியிருந்தார்கள். அதில் பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட் படம். இரட்டைச் சடை, ரிப்பன், நெற்றியில் பொட்டு. கீழே அவர் பத்து வருடத்துக்கு முன்பே விட்டுவிட்ட பெயர். முன்னால் 'செல்வி' வேறு. நான் அந்தப் பேனரைத் தாண்டி நடந்துவிட்டேன். பிறகுதான் உறைத்தது, அது அவர் என்று.

வீட்டாரைத் திட்டிவிட்டு இங்கே கைத்தட்டல் வாங்குவது எளிது. அவர்களிடம் இருந்தது அந்த ஒரு படம்தான். அவருடைய அம்மா பெட்டியைத் திறந்து காட்டினார், ரேஷன் கார்டுக்கு எடுத்தது, பள்ளிக்கூடத்தில் எடுத்தது, அவ்வளவுதான். என்னிடம் என்ன இருந்தது? போனைத் துழாவினேன். நான்கு படங்கள். ஒன்றில் ஆர்ப்பாட்டக் கூட்டத்தில் யாரோ ஒருவர் தோளுக்குப் பின்னால் பாதி முகம். ஒன்றில் டீக்கடை வெளிச்சத்தில் முழுக்க இருட்டு. இரண்டு ஆடிப்போனவை. பேனருக்கு எதுவும் தேறாது என்று கடைக்காரர் சொன்னார். "போட்டோவ பத்தித்தானே பிஎச்.டி. பண்ற, எனக்கு ஒண்ணு நல்லா எடுத்துக் குடேன்" என்று அவர் எத்தனை முறை கேட்டிருப்பார். சட்டைக் காலர் நிமிர்ந்து தெரிய வேண்டும் என்பார். நல்ல கேமரா வாங்கட்டும், நல்ல வெளிச்சம் வரட்டும், சேப்டரைக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று நான் தள்ளிக்கொண்டே போனேன்.

முஹோலி தள்ளவில்லை. பூசி சிகாசாவுக்கு ஒரு படம் இருக்கிறது. காலம் எவ்வளவு குறைவு என்று தெரிந்தே அந்த வேலையைத் தொடர்ந்திருக்கிறார். கண்காட்சியில் அந்த முகங்களைச் சுவர் முழுக்க வரிசையாக மாட்டும்போது நடுநடுவே சில இடங்களை வெறுமையாக விடுகிறார்கள். சில இடங்கள் தொடரில் இப்போது இல்லாதவர்களுக்கு. சில இடங்கள் இனி எடுக்கப்போகும் படங்களுக்கு. இரண்டுக்கும் ஒரே மாதிரி காலியிடம். அந்தச் சுவரை நான் நேரில் பார்த்ததில்லை, புத்தகத்தில்தான் பார்த்தேன். அந்தப் பக்கத்தைத் திருப்ப எனக்குக் கொஞ்ச நேரமானது.

2012 ஏப்ரலில் கேப் டவுனில் அவருடைய வீட்டுக்குள் புகுந்து இருபதுக்கும் மேற்பட்ட ஹார்ட் டிஸ்க்குகளைக் கொண்டுபோனார்கள். ஐந்து ஆண்டு உழைப்பு. கொல்லப்பட்டவர்களின் இறுதிச் சடங்குகள்கூட அதில் இருந்தன. யார் செய்தது என்பது தெரியவில்லை. எதைத் திருட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இனி அமைச்சர் கதை. 2009 ஆகஸ்ட், ஜோஹன்னஸ்பர்கின் கான்ஸ்டிட்யூஷன் ஹில். ஒரு காலத்தில் அரசியல் கைதிகளை அடைத்த சிறை வளாகம், இப்போது நாட்டின் அரசியல் சாசன நீதிமன்றம் நிற்கும் இடம். அங்கே கறுப்பினப் பெண் கலைஞர்களின் கண்காட்சி. அமைச்சர் லுலமா ஷிங்வானா தொடங்கி வைக்க வந்தார். இரண்டு பெண்கள் அணைத்துக்கொண்டிருக்கும் முஹோலியின் படங்களைப் பார்த்தார். பேசாமலே வெளியேறிவிட்டார். ஒழுக்கக்கேடு, தேசக் கட்டுமானத்துக்கு எதிரானது என்று பின்னால் விளக்கம் வந்தது. அவர் வலதுசாரி அல்ல, நிறவெறியை எதிர்த்து நின்ற இயக்கத்தின் ஆள். அதனால்தான் இதை இந்த மேடையில் சொல்கிறேன். நம் கூட்டங்களில் திருநங்கைத் தோழர் வந்தால் கும்மியடிக்கச் சொல்கிறோம், பாடச் சொல்கிறோம், முன்வரிசையில் உட்கார வைத்துப் படமும் எடுக்கிறோம். தீர்மானம் எழுதும் அறைக்குள் எத்தனை பேரைக் கூப்பிட்டிருக்கிறோம்? தலித் திருநர்களுக்குச் சாதி ஒதுக்கீட்டையும் இழக்காமல் கிடைமட்ட இட ஒதுக்கீடு வேண்டும் என்று கிரேஸ் பானு ஆண்டுக்கணக்கில் கத்திக்கொண்டிருக்கிறார். 2021இல் கர்நாடகம் ஒரு சதவீதம் கொடுத்தது. நம் இயக்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் அது எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று வீட்டுக்குப் போய்ப் பாருங்கள்.

முஹோலியின் பிந்தைய தொடர் ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு முடிக்கிறேன். 'சோம்ன்யாமா ங்கோன்யாமா'. கருஞ்சிங்கமே வாழ்க என்று பொருள். 2012இல் தொடங்கிய தன்னுருவப் படங்கள். அவற்றில் அவருடைய தோல் இயல்பைவிடக் கறுப்பு. அச்சிடும்போது வேண்டுமென்றே ஒளிமாறுபாட்டைக் கூட்டிக் கறுப்பாக்குகிறார். கண் மட்டும் வெள்ளையாக எரிகிறது. நான் ஆய்வுக்காகப் போன ஸ்டுடியோ ஒவ்வொன்றிலும் வயதான ஸ்டுடியோக்காரர்கள் பெருமையாகக் காட்டியது நேர் எதிரான கைவேலை. நெகட்டிவில் பென்சிலால் டச்சப் செய்து முகத்தை வெளுக்க வைப்பார்கள். "அப்படிக் குடுக்கலேன்னா வாங்க மாட்டாங்க சார்" என்றார் ஒருவர். எங்கள் வீட்டுக் கல்யாண ஆல்பத்தில் என் சித்தி ரோஸ் பவுடர் நிறத்தில் இருப்பார். இப்போது அந்தப் பென்சில் வேலையைப் போன் தானே செய்கிறது, கேட்காமலே.

எனக்கு விமர்சனம் இல்லாமல் இல்லை. படம் சில இடங்களில் அவசரமாக ஓடுகிறது. கேப் டவுன் பாலத்தடியில் குடியிருக்கும் அந்த இணையோடு இன்னும் பத்து நிமிடம் இருந்திருக்கலாம். அதற்குப் பதில் நமக்கு விளக்கிச் சொல்ல ஆட்கள் வந்துவிடுகிறார்கள். இன்னொன்று பெரிய கேள்வி. இந்தப் படங்கள் இன்று லண்டனில், பாரிஸில் பெரிய அருங்காட்சியகச் சுவர்களில் தொங்குகின்றன, நல்ல விலைக்கும் போகின்றன. அந்த முகத்துக்குச் சொந்தக்காரர் இன்னமும் டவுன்ஷிப்பில் இருட்டிய பிறகு பயந்துதான் வீட்டுக்கு நடக்கிறார். முஹோலி 2009இல் 'இன்கன்யிசோ' என்ற அமைப்பைத் தொடங்கி, இளையவர்கள் கையிலேயே கேமராவையும் எழுத்தையும் கொடுத்தார். அது கேள்விக்கு ஒரு பதில், முழுப் பதில் அல்ல.

தற்பெருமை பற்றிக் கேட்ட தோழருக்கு. முகம் காட்டினால் ஆபத்து என்று தெரிந்தும் நூற்றுக்கணக்கானவர்களை முகம் காட்டச் சொன்னவர் அவர். தன் முகத்தை மட்டும் கேமராவுக்குப் பின்னால் வைத்துக்கொள்வது அவருக்குச் சரியாகப் பட்டிருக்காது. எனக்குத் தோன்றுவது அவ்வளவுதான்.

பேச்சு போதும். கலந்துரையாடலைத் தோழர் நடத்துவார். ஒரே ஓர் அறிவிப்பு. கடைசியில் ஒரு கேமரா வாங்கிவிட்டேன், செகண்ட் ஹேண்ட்தான். ஹாலுக்கு வெளியே மேற்கு வராந்தாவில் ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறேன். விருப்பப்பட்டவர்கள் வந்து உட்காருங்கள், அல்லது நில்லுங்கள், உங்கள் இஷ்டம். பக்கத்தில் ஒரு நோட்டு இருக்கும். பெயரையும் ஊரையும் நீங்களே உங்கள் கையால் எழுத வேண்டும், எந்தப் பெயர் வேண்டுமோ அந்தப் பெயர். படம் உங்களுக்கு மட்டும்தான், நான் எங்கேயும் போட மாட்டேன். பிரின்ட் அடுத்த வாரம் தருகிறேன். அங்கே வெளிச்சம் ஐந்தரை மணி வரைக்கும் இருக்கும்.